முள்ளம்பன்றியின் வழிமொழிவு

சட்டம்மாவுக்கு உட்கார வராது. வேலை செய்யும் இடத்தில் நாற்காலி இருக்கிறது, வீட்டில் சோபா இருக்கிறது. இரண்டும் மற்றவர்கள் உட்காருவதற்குத்தான். பேருந்து டிப்போவில் டியூட்டி சார்ட் போடுகிற உத்தியோகம். எந்த ஓட்டுநர் எந்த வண்டியில் எத்தனை மணிக்கு ஏற வேண்டும், இறங்கியபின் எத்தனை மணி நேரம் ஓய்வெடுக்க வேண்டும் என்று கட்டம் கட்டமாக எழுதி வைப்பது. இருபத்திரண்டு வருடமாக அதை நின்றுகொண்டேதான் போடுகிறாள். வீட்டிலும் லேப்டாப்பை இஸ்திரி மேசையின் மேல் தூக்கி வைத்து, நின்றபடி தட்டிக்கொண்டிருப்பாள். இடது கால் மட்டும் அவளைக் கேட்காமல் தனியாகத் தாளம் போட்டுக்கொண்டிருக்கும்.

"காலுல சக்கரத்தக் கட்டிக்கிட்டே பொறந்திருக்கா" என்பார் கணவர். அவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க அடுக்குமாடிகளில் ஏறி இறங்கிவிட்டு வருகிறவர், வீட்டுக்கு வந்ததும் சோபாவில் விழுந்தால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார்.

சட்டம்மா என்பது டிப்போவில் வைத்த பெயர். எட்டு மணி நேர ஓய்வு என்று விதி இருந்தால், ஏழே முக்கால் மணி நேரம் தூங்கிய ஓட்டுநரை வண்டியில் ஏற்ற மாட்டாள். மேலாளரே வந்து கெஞ்சினாலும் சரி, பயணிகள் கூச்சல் போட்டாலும் சரி. பெயர் வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. இப்போது கணவரே அப்படித்தான் கூப்பிடுகிறார், கோபம் வந்தால் மட்டும் 'அம்மா'வை விட்டுவிடுவார்.

அவளுக்கு இன்னொரு வேலை உண்டு. சம்பளமில்லாத வேலை. உலகத்தின் மூலை முடுக்கெல்லாம் இருக்கிற சில ஆயிரம் பேர் சேர்ந்து, பைசா வாங்காமல், ஒரு கணினி இயங்குதளத்தை உருவாக்கி ஊருக்கே இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். டிப்போவின் பழைய கணினியில் அதைத்தான் போட்டிருந்தார்கள். ஒருநாள் அது மக்கர் செய்ய, சட்டம்மா கோபமாக ஒரு புகார் எழுதிப் போட்டாள். 'தவறு எங்கே என்று தெரிகிறதே, நீங்களே திருத்தி அனுப்புங்களேன்' என்று பதில் வந்தது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அப்படித்தான். பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது.

அந்த இயங்குதளத்தில் ஐம்பதாயிரம் மென்பொருள்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் பொட்டலம் கட்டி வைத்திருப்பார். அதற்குப் பேக்கேஜ் என்று பெயர். ஆளாளுக்கு ஒரு தினுசாகக் கட்டினால் அவிழ்க்கிறவன் பாடு திண்டாட்டம்தானே? அதனால் ஒரு விதிநூல். எந்தக் கோப்பு எங்கே போக வேண்டும், நிறுவும்போது என்ன செய்ய வேண்டும், நீக்கும்போது எதை எடுத்துக்கொண்டு போக வேண்டும், எதைத் தொடாமல் விட வேண்டும் என்று இருநூற்றுப் பதினான்கு பக்கம். அதன் பதிப்பாசிரியர் நம் சட்டம்மா.

பதிப்பாசிரியர் என்றதும் மகாராணி என்று நினைத்துவிட வேண்டாம். தன் இஷ்டத்துக்கு ஒரு காற்புள்ளி வைக்கக்கூட அவளுக்கு அதிகாரம் கிடையாது. புது விதி ஒன்றை யாராவது முன்மொழிய வேண்டும். மூன்று பேர் வழிமொழிய வேண்டும். வழிமொழிவதென்றால் சும்மா கையைத் தூக்குவதல்ல. அந்த வாசகத்தின் மேல் ஒவ்வொருவரும் தங்கள் மின்கையொப்பத்தைப் போட வேண்டும். பிறகு ஒரு எழுத்தை மாற்றினாலும் போயிற்று, 'ஒப்பம் பொருந்தவில்லை' என்று கணினி முகத்தில் அடித்தமாதிரி சொல்லிவிடும். மறுபடி மூவரும் முதலிலிருந்து போட வேண்டும். மூன்றும் சரியாக இருந்தால் விதி ஏறும். நூலின் கடைசிப் பக்கங்களில், விதியின் எண்ணுக்கு எதிரே மூன்று பெயர்களும் அச்சாகும். அதன்பின் அந்தப் பெயர்களை யாரும் எடுக்க முடியாது.

இந்தக் கூட்டத்தில் முள்ளம்பன்றி என்று ஒருவர். அவராகவே வைத்துக்கொண்ட பெயர், பொருத்தமான பெயரும்கூட. கால்நடை ஆஸ்பத்திரி ஒன்றில் கம்பவுண்டர். பகலெல்லாம் மாட்டுக்கும் நாய்க்கும் மருந்து கலக்கிக் கொடுப்பார், மற்ற நேரத்தில் சட்டம்மா எழுதியதையெல்லாம் கிழிப்பார். பன்னிரண்டு வருடத்தில் அவள் கொண்டுவந்த ஒரு விதிக்காவது அவர் உடனே சரி சொன்னதில்லை. காலையில் வாசகத்தைப் போட்டால் டிப்போவுக்குப் பேருந்து ஏறுவதற்குள் அவருடைய ஆட்சேபணை வந்து நிற்கும். 'மூன்றாம் வரி முட்டாள்தனம்' என்று தொடங்குவார். கொதித்துப் போய் பதில் எழுத உட்கார்ந்தால், அதாவது நின்றால், மூன்றாம் வரி உண்மையிலேயே முட்டாள்தனமாக இருக்கும். அந்த எரிச்சலை என்னவென்று சொல்வது! இருவரும் நேரில் பார்த்ததில்லை. கைபேசி எண்ணை ஒருமுறை பரிமாறிக்கொண்டார்கள், ஒருவரும் அழைத்ததில்லை.

அந்த மனிதர் அவளுடைய ஒரே ஒரு முன்மொழிவை மட்டும், வாயைத் திறக்காமல், முதல் ஆளாக வந்து வழிமொழிந்தார். அதுதான் இந்தக் கதையின் வினை.

நாட்குறிப்பு எழுதுகிற மென்பொருள் ஒன்றை முள்ளம்பன்றிதான் பேக்கேஜ் கட்டி வைத்திருந்தார். மென்பொருளை நீக்குவதில் இரண்டு வகை. சாதாரண நீக்கம் ஒன்று, முழு நீக்கம் ஒன்று. முழு நீக்கத்தில் பேக்கேஜ் சம்பந்தப்பட்ட அனைத்தும் போக வேண்டும் என்பது விதிநூல். அவரும் அப்படியே கட்டியிருந்தார். யாரோ ஒரு பெண்மணி தெரியாமல் முழு நீக்கத்தை அழுத்திவிட, பதினோரு வருட நாட்குறிப்பு ஒரு நொடியில் காணாமல் போனது. அந்த அம்மாள் புகார் எழுதினார். 'விதிப்படிதான் செய்திருக்கிறேன்' என்று முள்ளம்பன்றி இரண்டு வாரம் ஒற்றைக் காலில் நின்றார். சட்டப்படி அவர் பக்கம்தான் நியாயம். திடீரென்று ஒருநாள் பேச்சை நிறுத்திக்கொண்டார். அடுத்த மாதம் சட்டம்மா, 'முழு நீக்கத்தின்போதும் பயனர் எழுதி வைத்ததைப் பேக்கேஜ் அழிக்கக் கூடாது' என்று முன்மொழிந்தபோது, அவருடைய ஒப்பம் வந்து விழுந்தது. கூடவே ஒரு வரி: 'இது முன்பே இருந்திருக்க வேண்டும். என் கையால் போனது.'

அவள் அந்த வரியை எத்தனை முறை படித்திருப்பாள் என்று கணக்கில்லை.

இரண்டாவதாகக் கப்பல்காரர் வழிமொழிந்தார். கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர், அளந்து பேசுகிறவர். மூன்றாவது ஆள்தான் கிடைக்கவில்லை. நான்கு வருடம் அந்த முன்மொழிவு இரண்டு ஒப்பங்களோடு கிடந்தது.

ஐந்து மாதத்துக்கு முன் ஒருநாள் காலை, டிப்போவில் ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு பெண் குரல். பின்னால் தையல் மெஷின் சத்தம்.

"என் தம்பி போன்ல 'சட்டம்மா, விதி'ன்னு உங்க நம்பர் இருந்துச்சு. நீங்க வக்கீலா?"

"இல்லீங்க. நீங்க யாரு?"

சொன்னார். முள்ளம்பன்றியின் அக்கா. தையல் கடை வைத்திருக்கிறார். தம்பி ஆஸ்பத்திரியில் மருந்து எடை போட்டுக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தானாம். பத்து நாள் ஆகிவிட்டதாம். அக்கா அழவில்லை, அழுது முடித்திருந்த குரல்.

"கல்யாணமும் பண்ணிக்கல. வேலை விட்டா அந்தப் பொட்டி. சோறு ஆறிப்போகும், பொட்டி முன்னாடியே உக்காந்திருப்பான். என்னடா பண்றன்னு கேட்டா விதி எழுதறேன்பான். வீட்டுல எல்லாரும் சிரிப்போம். அதான் கேக்கறேன்மா, அவன் என்னதான் பண்ணான்? காட்டுறதுக்கு ஏதாவது இருக்கா?"

இருந்தது, ஆனால் காட்டும்படி இல்லை. அவர் கட்டிய பேக்கேஜ்களை நாளை வேறொருவர் எடுத்துக்கொள்வார், பெயர் மாறிவிடும். பன்னிரண்டு வருட ஆட்சேபணைகளை ஒரு தையற்கடைக்காரருக்கு எப்படிக் காட்டுவது? மற்றவர்களின் விதிகளைக் கிழித்தாரே தவிர, இன்னும் ஏறாத அந்த ஒன்றைத் தவிர அவர் எதையும் வழிமொழிந்ததே கிடையாது. கடைசிப் பக்கங்களில் ஒரு இடத்திலும் அவர் பெயர் இல்லை. சட்டம்மா சட்டென்று சொல்லிவிட்டாள்.

"அவர் பேரு விதிநூல்ல வரும் அக்கா. அச்சுல வரும். அழியவே அழியாது. நான் போட வைக்கிறேன்."

வாக்குக் கொடுத்தாயிற்று. அதற்கப்புறம் செய்ததுதான் அவளை உட்காரவிடாமல் அடித்தது. அவர் இறந்துபோனதை அவள் குழுவில் சொல்லவில்லை. சொன்னால் அவருடைய ஒப்பத்தை முடக்கிவிடுவார்கள். போட்ட வழிமொழிவு செல்லுமா செல்லாதா என்று ஒரு கூட்டம் கிளம்பும். விதி ஏறட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று மென்று விழுங்கினாள். முள்ளம்பன்றி மாதக்கணக்கில் காணாமல் போவதும் கோபத்தோடு திரும்பி வருவதும் வழக்கம்தான். யாரும் சந்தேகப்படவில்லை. ஓட்டுநர் கால் மணி நேரம் குறைவாகத் தூங்கினால் வண்டியைத் தொடவிடாதவள், ஒரு சாவை ஐந்து மாதம் முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விதிநூலின் புதுப் பதிப்பு. இந்த முறை ஞாயிற்றுக்கிழமை நண்பகல் பன்னிரண்டுக்கு ஃப்ரீஸ். அதற்குமேல் ஒரு எழுத்தும் உள்ளே போகாது. தவறினால் இன்னும் இரண்டு வருடம்.

வியாழக்கிழமை காலை, நான்கு வருடம் வராத மூன்றாவது ஒப்பம் வந்தது. இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் கல்லூரி வாத்தியார் ஒருவர் போட்டிருந்தார். கணினி மூன்றையும் சரிபார்த்து 'பொருந்துகிறது' என்று மூன்று முறை சொன்னது. சட்டம்மா டிப்போ அறையில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நான்கு நடை நடந்தாள். ஒரு பொத்தானை அழுத்தினால் முடிந்தது. மதிய இடைவேளையில் நிதானமாக, நன்றாக ஒருமுறை படித்துவிட்டு அழுத்தலாம் என்று வைத்தாள்.

மதியம் படிக்கத் திறந்தபோது, கீழே புதிதாக ஒரு கடிதம் இருந்தது. வீட்டில் அடி தாங்காமல் ஓடி வருகிற பெண்களுக்கான அடைக்கல இல்லத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிற ஒரு பெண் எழுதியிருந்தாள்.

'இங்கே தங்குகிறவர்களுக்கு ஆளுக்கொரு லேப்டாப் கொடுப்போம். அதில் நாட்குறிப்பு எழுதுவார்கள், வக்கீலுக்குக் கடிதம் எழுதுவார்கள், அடுத்து எந்த ஊருக்குப் போவதென்று எழுதுவார்கள். கிளம்பும் நாளில் அவர்கள் கண்முன்னாலேயே நான் முழு நீக்கம் செய்து காட்டுவேன். எல்லாம் போய்விட்டது என்று நிம்மதியாகப் போவார்கள். உங்கள் புது விதிப்படி எதுவும் போகாது. போகவில்லை என்று எனக்கு யாரும் சொல்லவும் மாட்டார்கள். தேடி வருகிற கணவர்கள் சில சமயம் தங்கையை, அண்ணியை இங்கே தங்க அனுப்புகிறார்கள். கிளம்பியவர் விட்டுப்போன லேப்டாப் அடுத்து அவர்கள் கைக்குப் போகும். தயவுசெய்து யோசியுங்கள்.'

சட்டம்மா கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தாள். நான்கு வருடம், எத்தனை பேர் படித்திருக்கிறார்கள், ஒருவருக்கும் இது தோன்றவில்லையே! அழிக்கக் கூடாது என்பது மட்டும்தான் எல்லோர் மண்டையிலும் இருந்தது. அழிய வேண்டும் என்று கும்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

சரியான வாசகத்தை எழுத அவளுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. 'முழு நீக்கத்தின்போது, பயனர் எழுதியது எங்கே இருக்கிறது என்று காட்டி, வைத்திருப்பதா அழிப்பதா என்று கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் தொடாமல், தொடவில்லை என்று சொல்ல வேண்டும்.' அவ்வளவுதான். இரண்டு வாக்கியம். ஆனால் இதைப் போட்டால் மூன்று ஒப்பங்களும் உதிர்ந்துவிடும். வாத்தியார் மறுபடி போடலாம், கப்பல்காரர் மறுபடி போடலாம். முள்ளம்பன்றி?

குழுவில் கடிதத்தைப் படித்த வாத்தியார், 'மூன்றும் இருக்கிறதே, இப்போதைக்கு இப்படியே ஏற்றிவிடுவோம். குறையை அடுத்த பதிப்பில் சரிசெய்யலாம்' என்று எழுதினார். நாலைந்து பேர் ஆமாம் போட்டார்கள். அடுத்த பதிப்பு என்றால் இரண்டு வருடம். அந்த இல்லத்தில் இரண்டு வருடத்தில் எத்தனை பேர் வந்து போவார்கள்? சட்டம்மா புது வாசகத்தைக் குழுவில் போட்டு வைத்தாள். பழையதை எடுக்கவுமில்லை. இரண்டு வாசகமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன, அவளும் நின்றாள்.

வெள்ளிக்கிழமை காலை அக்காவே கூப்பிட்டார். வாரம் ஒருமுறை கூப்பிடுவது வழக்கமாகியிருந்தது.

"ஞாயித்துக்கெழமைதானே புக்கு? எனக்கு ஒண்ணு அனுப்பும்மா. ஃப்ரேம் போட்டு மாட்டப் போறேன். அவன் பேரு இருக்கற பக்கத்த மட்டும்."

சட்டம்மா இழுத்து இழுத்து நிலைமையைச் சொன்னாள். வாசகம் மாற வேண்டும், மாறினால் ஒப்பம் செல்லாது, மறுபடி போட அவர் இல்லை.

"இவ்வளவுதானா?" என்றார் அக்கா. "அவன் பொட்டி எங்கிட்டத்தான் இருக்கு. பாஸ்வேர்டெல்லாம் ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்கான். எத அமுக்கணும்னு நீ சொல்லு, நான் போட்டுத் தரேன். நானும் அவனும் ஒரே ரத்தந்தானே?"

பாவம், அதில் அந்த அம்மாளுக்கு ஒரு கபடமும் இல்லை. தம்பிக்கு வந்த பார்சலை அக்கா கையெழுத்துப் போட்டு வாங்குவதுபோல நினைத்துக்கொண்டார். ஆனால் சட்டம்மாவுக்குத் தெரியும். ஒப்பம் அச்சு அசலாகப் பொருந்தும். கணினி தலையாட்டும். அவர் இறந்தது யாருக்கும் தெரியாது. சரியான வாசகமும் ஏறும், அவர் பெயரும் வரும், கொடுத்த வாக்கும் நிற்கும். இல்லத்துப் பெண்ணுக்கும் நல்லது. ஒரு குறையும் இல்லாத திருட்டு.

முடியாது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

"யோசிச்சுச் சொல்றேன் அக்கா" என்றாள்.

சனிக்கிழமை அவளுக்குக் கை ஓடவில்லை. கால் மட்டும் ஓடியது. டியூட்டி சார்ட்டில் ஒரே ஓட்டுநரை ஆறரை மணிக்கு வடக்கே போகிற வண்டியிலும் தெற்கே போகிற வண்டியிலும் போட்டுவிட்டாள். அந்த மனிதர் சார்ட்டை எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"சட்டம்மா, என்ன ரெண்டா அறுத்தாத்தான் முடியும். எந்தப் பாதி எந்த வண்டிக்குன்னும் எழுதிக் குடுத்துடுங்க."

அறையே சிரித்தது. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தப்பு. அவள் சிரிக்காமல் அடித்துத் திருத்திக் கொடுத்தாள்.

குழுவில் இதற்குள் வேறொன்று ஆரம்பித்திருந்தது. கப்பல்காரர் எழுதியிருந்தார்: 'புது வாசகம் எனக்குச் சரியாகத்தான் படுகிறது. ஆனால் எனக்குச் சரியாகப் பட்ட எத்தனையோ வாசகங்களில் முள்ளம்பன்றி ஓட்டை கண்டுபிடித்திருக்கிறார். இது அவர் மனதைப் போட்டு அறுத்த விஷயமும்கூட. அவர் ஒரு வார்த்தை சொல்லட்டும். அவர் சரி என்றால் நானும் ஒப்பம் போடுகிறேன்.' உடனே இன்னொருவர், 'ஆமாம், முள்ளம்பன்றி எங்கே?' மற்றொருவர், 'ஐயா, பொந்தை விட்டு வெளியே வாருங்கள், திட்டுங்கள், நேரமில்லை.' வாத்தியார்கூட, 'அவர் பார்க்காமல் ஏற்றுவது எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது' என்று இறங்கி வந்திருந்தார். சாயங்காலம் ஆறு மணிக்குள் பதினேழு பேர். பதினேழு பேரும் ஒரே ஆளைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

கணவர் வேலை முடித்து வந்து, சிங்கில் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். கிரீஸ் சீக்கிரம் போகாது. சட்டம்மா பின்னால் நின்று எல்லாவற்றையும் கொட்டினாள். ஐந்து மாதம் அவரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"ஒரு கையெழுத்துதானே" என்றார் அவர். "போட்டா என்ன, குடியா முழுகிப்போயிடும்? நல்லதுக்குத்தானே போடற."

"லிஃப்ட் சர்டிஃபிகேட்டுல, செத்துப்போன இன்ஸ்பெக்டர் கையெழுத்த நீங்க போடுவீங்களா?"

"அது எப்படிப் போட முடியும்?"

"லிஃப்ட் நல்லாத்தான் இருக்குன்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுது. அப்பப் போடுவீங்களா?"

அவர் குழாயை மூடிவிட்டு யோசித்தார். "எனக்கு நிச்சயமாத் தெரியுதுங்கறதுக்காகத்தானே இன்னொருத்தரு வந்து பாக்கறாரு" என்றார். பிறகு, தான் சொன்னது தனக்கே பிடிக்காததுபோல, துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

சட்டம்மா இஸ்திரி மேசைக்குத் திரும்பினாள். பெயர் மட்டும் என்றால்கூட மனதைக் கல்லாக்கிக்கொண்டு போட்டிருப்பாள்; அதை அவளே பிற்பாடு ஒப்புக்கொண்டாள். ஆனால் அவர்கள் கேட்டது பெயரை அல்ல. அந்த மனிதர் மூன்று முறை படித்து, மூன்றாம் வரியில் விரலை வைத்து, முட்டாள்தனம் என்பாரே, அதைக் கேட்டார்கள். அது அவளிடம் இல்லை. நோட்டில் எழுதி வைத்த பாஸ்வேர்டிலும் இல்லை. அவர் பெயரில் 'சரி' என்று இவள் போட்டால், பதினேழு பேரும் ஓட்டை இல்லை என்று நம்பிக் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு எழுதினாள். அலங்காரம் ஒன்றும் இல்லை.

'முள்ளம்பன்றி இறந்துவிட்டார். ஐந்து மாதம் ஆகிறது. எனக்குத் தெரியும். நான் மறைத்தேன். அவர் வழிமொழிவு செல்லாமல் போய்விடக் கூடாது என்பதற்காக மறைத்தேன். அவருடைய கணினி வேறொருவர் வசம் இருக்கிறது. அவர் ஒப்பத்தை இன்றே முடக்கிவிடுங்கள். பழைய முன்மொழிவைத் திரும்பப் பெறுகிறேன். புது வாசகம் கீழே. அவர் பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டார். நாம்தான் பார்க்க வேண்டும். என்னைப் பதிப்பாசிரியர் பொறுப்பிலிருந்து நீக்குவதானால் எனக்கு ஆட்சேபணை இல்லை.'

அனுப்பிவிட்டு லேப்டாப்பை மூடினாள், திறந்தாள், மூடினாள். நாற்பது நிமிடம் யாரும் ஒன்றும் எழுதவில்லை. எப்போதும் சளசளவென்று இருக்கிற குழு. அவள் வீட்டுக்குள் நடந்த நடையை நீட்டி விட்டிருந்தால் டிப்போவுக்கே போயிருக்கலாம்.

முதலில் கப்பல்காரர். 'ஐந்து மாதம். நேற்றுகூட அவரைக் கூப்பிட்டேன். என்னை அப்படிக் கூப்பிட விட்டிருக்கக் கூடாது அம்மா.' அவ்வளவுதான் எழுதியிருந்தார். வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தால் தேவலை. சட்டம்மா சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாள். அவமானத்துக்கு அழுதாளா, முள்ளம்பன்றிக்கு அழுதாளா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஐந்து மாதத்தில் அவருக்காக அழுதது அதுதான் முதல்முறை.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர் கோபப்பட்டார்கள், சிலர் அவரோடு போட்ட சண்டையை எழுதினார்கள். பத்தரை மணிக்கு வாத்தியார், 'எல்லோரும் அவர் படிப்பதுபோல ஒருமுறை படியுங்கள்' என்றார். படித்தார்கள். பதினொன்றேகாலுக்கு இல்லத்துப் பெண் ஒரு ஓட்டை கண்டுபிடித்தாள்: கோப்பு இருக்கும் இடத்தை எல்லோர் கண்ணிலும் படும்படி திரையில் காட்டினால், பக்கத்தில் நிற்கிறவனும் பார்ப்பானே? கேட்டவருக்கு மட்டும் காட்ட வேண்டும் என்று இரண்டு சொல் சேர்ந்தது. பதினொன்று நாற்பதுக்கு வாத்தியார் ஒப்பம். நாற்பத்தைந்துக்கு, இதுவரை குழுவில் வாயே திறக்காத ஒருவர். பன்னிரண்டுக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது கப்பல்காரர் ஒப்பம் வந்தது, ஒரு வார்த்தையும் இல்லாமல். பதிப்பாசிரியர் பொறுப்பைப் பற்றிப் பிறகு பேசலாம், முதலில் ஏற்றுங்கள் என்றார்கள். சட்டம்மா பொத்தானை அழுத்தினாள். கடைசிப் பக்கத்தில் மூன்று பெயர்கள் ஏறின. மூன்றும் உயிரோடு இருப்பவர்களுடையவை.

இனி ஒரு வேலைதான் பாக்கி. மூன்று தடவை எண்ணைப் போட்டு மூன்று தடவை நிறுத்தினாள். கணவர் சோபாவில் இருந்தபடியே, "பேசிடு" என்றார். நான்காவது தடவை விட்டுவிட்டாள்.

மெஷின் சத்தத்தோடு அக்கா எடுத்தார். "வந்துடுச்சா?"

"வந்துடுச்சு அக்கா. அவர் பேரு இல்ல."

மெஷின் நின்றது.

"நான் போட்டுத் தரேன்னு சொன்னேனே" என்றார் அக்கா. "நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே. எத்தன பேருகிட்டச் சொல்லி வச்சிருக்கேன் தெரியுமா? ஃப்ரேமுக்குக்கூடச் சொல்லிட்டேன்."

"தெரியும் அக்கா. தப்பு என்னோடது. உங்களுக்கு அந்த வாக்கையே நான் குடுத்திருக்கக் கூடாது."

"அப்ப ஏன்மா?"

"எல்லாரும் அவர் வந்து சொல்லட்டும்னு காத்துக்கிட்டு இருந்தாங்க. அவர் சரின்னு சொன்னாத்தான் நாங்களும் சரின்னு சொல்லுவோம்னு. அந்த எடத்துல நாம ரெண்டு பேரும் உக்காந்து அவர் மாதிரிப் பேசக் கூடாதுன்னு தோணுச்சு."

வைத்துவிட்டாரோ என்று சட்டம்மா கைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். வைக்கவில்லை.

"எத்தன பேரு?" என்றார் அக்கா.

"என்ன அக்கா?"

"காத்துக்கிட்டு இருந்தவங்க. எத்தன பேரு?"

சட்டம்மாவுக்குக் கூட்டியோ குறைத்தோ சொல்ல வராது. "வாயத் தொறந்து கேட்டவங்க பதினேழு பேரு. சும்மா படிச்சுட்டுக் காத்திருந்தவங்க எத்தனன்னு தெரியாது."

"பதினேழு பேரு" என்றார் அக்கா. "என் தம்பி என்ன சொல்றான்னு கேக்கறதுக்கு."

"ஆமா அக்கா."

"பெரிய படிப்புப் படிச்சவங்களா?"

"ஒரு காலேஜ் வாத்தியார் இருக்காரு. கப்பல்ல ஆபீசரா இருந்த ஒருத்தரு இருக்காரு."

அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"வீட்டுல அவன் வாயத் தொறந்தா, ஆரம்பிச்சுட்டான்டான்னு நாங்க எல்லாரும் எழுந்து போயிடுவோம்மா" என்றார்.